ஒரிஜினல் பீஸ் சார்!

*பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம், போல்ட்டைப் பாருங்கள். பழைய காரின் பிறந்த கோலத்தை அதன் உதிரிபாகங்களே சொல்லிவிடும்.*

சென்னையில் ஒரு வீட்டின் பின்கட்டு ஷெட். தார்ப்பாயை உருவியதும் உள்ளே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விற்கிறவர் இரண்டு ஓரக் கொக்கிகளையும் விடுவித்து, பானெட்டை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்க்கிறார். என்ஜின், ஸ்டீயரிங், முன் சக்கரங்கள் எல்லாம் ஒரே வீச்சில் கண்ணுக்குத் தெரிகின்றன. “ஒரிஜினல் பீஸ் சார். ஒரு ஸ்க்ரூகூட மாத்தல.”

வாங்க வந்தவர் தன் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்க்கிறார். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பக்கம் வைக்கிறார். ஒட்டாமல் வழுக்கி விழுகிறது. ஒரு ஜாண் மேலே வைத்தால் ‘டக்’கென்று பிடிக்கிறது. கீழ்ப்பாதி முழுக்கப் பட்டி என்பது தெரிந்துபோயிற்று. அடுத்து அரை இஞ்ச் ஸ்பேனரை ஒரு போல்ட்டின் தலையில் வைக்கிறார், ஏற மறுக்கிறது. 13 எம்.எம். ஸ்பேனர் கச்சிதமாக உட்காருகிறது. இஞ்ச் அளவில் பிறந்த காரில் மில்லிமீட்டர் போல்ட்டுக்கு என்ன வேலை? கடைசியாக, எண் பொறித்த இடத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறார். கல்வெட்டுக்குப் படி எடுப்பதுபோல எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வருகின்றன. அதை ஆர்.சி. புக்கோடு ஒப்பிடும்போது விற்கிறவரின் குரல் இறங்குகிறது. “என்ஜினும் சேசிஸும் ஒரிஜினல்தான் சார். மத்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை.”

பழைய கார் வாங்குவோர் கூடுகிற இடமெல்லாம் இன்று இதே பேச்சுதான். எது அசல், எது மாற்று? இத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமை அரட்டையாக இருந்த கேள்வி, இப்போது அரசுக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

சட்டம் கேட்கிறது: அசலா?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளை அறிவித்தது. 50 வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இந்த வகையில் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

இதெல்லாம் சுலபமான பகுதி. சிக்கல் வரையறையில் இருக்கிறது. வாகனம் அதன் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றி அமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் கை வைப்பது பெரிய மாற்றம் என்ற கணக்கில் வருகிறது.

நம் ஊரில் எந்தக் கார் இந்தச் சல்லடையில் தங்கும்? 1950-களின் முற்பகுதியில், உள்நாட்டு உற்பத்திக்குத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எஞ்சியவை அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் சில மாடல்கள். புதுக் காருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் இருக்கிற காரைச் சாகவிடாமல் ஓட்டினார்கள். லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட்டார்கள், ரீபோர் செய்தார்கள். புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் தேடி வேறு காரின் கியர்பாக்ஸைப் பொருத்தினார்கள். பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் என்ஜினை இறக்கி வைத்தார்கள்.

நம் ஊர்ப் பழைய கார்கள் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குக் காரணமே பாகங்களை மாற்றியதுதான். அதனால் ‘மாறியிருக்கிறதா?’ என்று கேட்டுப் பயனில்லை. எது மாறியது, எப்போது மாறியது, எதற்குப் பதிலாக எது வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதில் வண்டியிலேயே இருக்கிறது, படிக்கத் தெரிந்தால்.

மதராஸில் பிறந்த ஹெரால்டு

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேசிஸும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் மட்டும் பழைய பாணியில் தனி சேசிஸ் போட்டது. காரணம், அதற்கு பாடி செய்து தந்த கம்பெனி போட்டியாளரின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்து வாங்க முடியாததால் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, போல்ட் போட்டுச் சேர்க்கும்படி வடிவமைத்தார்கள்.

அந்த இக்கட்டு பிற நாடுகளில் வரமாக மாறியது. துண்டுகளாக ஏற்றுமதி செய்து எங்கேயும் பூட்டிக்கொள்ளலாம். 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-ல் மதராஸில் ஹெரால்டைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஆண்டு உள்ளூர்ப் பாகங்கள் கூடின. லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று மதராஸின் பாடி பகுதியைச் சுற்றி ஆலைகள் எழுந்த காலம் அது. 1960-களின் நடுவில் ஹெரால்டு கிட்டத்தட்ட முழு இந்தியத் தயாரிப்பாகிவிட்டது.

இதே அமைப்புதான் பழமையைக் கண்டறிகிறவருக்குத் தலைவலி. போல்ட்டைக் கழற்றினால் ஒரு காரின் பானெட் இன்னொரு காருக்குப் போய்விடும். பின் பகுதியையும் கழற்றி மாற்றலாம். மூன்று கார்களின் துண்டுகள் ஒரே வண்டியாக நிற்பது ஹெரால்டில் சர்வ சாதாரணம்.

---
பெட்டிச் செய்தி: ஹெரால்டு காலவரிசை

■ 1961: மதராஸில் இரண்டு கதவு ஹெரால்டு. என்ஜின் 948 சி.சி.

■ 1968: நான்கு கதவு மார்க் 3. முகப்பு இங்கிலாந்தின் 13/60 சாயல், என்ஜின் அதே 948 சி.சி.

■ அதே காலம்: ‘கம்பானியன்’ என்ற ஐந்து கதவு எஸ்டேட். ஆம்புலன்ஸாக அதிகம் ஓடியது.

■ 1971: இங்கிலாந்திலும் இங்கேயும் ஹெரால்டுக்கு முடிவு.

■ 1972: ‘கெஸல்’. முன் கிரில், பானெட், பின்பக்கம் எல்லாம் மாறின. பின்னால் சுயேச்சையாக ஆடும் ஆக்ஸிலுக்குப் பதில் ஒரே நேரான ஆக்ஸில்.

■ 1977: கெஸலுக்கும் முடிவு. ஹெரால்டு வம்சத்தின் செடான் கார்களில் உலகிலேயே கடைசி வாரிசு இந்த மதராஸ் கார்தான்.

---

இங்கிலாந்துக் கண்ணுக்குப் போலி

ஒரு நான்கு கதவு ஹெரால்டை இங்கிலாந்து நிபுணர் ஒருவரிடம் காட்டினால் என்ன சொல்வார்? நான்கு கதவு ஹெரால்டு அங்கே தயாரிக்கப்படவே இல்லை. 13/60 முகப்பு வைத்த காரில் 1296 சி.சி. என்ஜின் இருக்க வேண்டும், இதிலோ 948 இருக்கிறது. அங்கத்திய கையேட்டின்படி இது யாரோ ஷெட்டில் வெட்டி ஒட்டிய கலவை. மதராஸ் ஆலையின் கணக்குப்படியோ அச்சு அசல்.

நம் ஊர் ரசிகர்கள் பலர் சறுக்குகிற இடமும் இதுதான். இணையத்தில் தேடினால் இங்கிலாந்து ஹெரால்டுக்குத்தான் உதிரிபாகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ‘மேட் இன் இங்கிலாந்து’ முத்திரையைக் கண்டதும் நல்ல சரக்கு என்று வாங்கி மாட்டுகிறார்கள். 1961-62 காரில் அந்த முத்திரை இருந்தால் நம்பிக்கை வரலாம். 1968-ல் மதராஸ் ஆலையை விட்டு வந்த காரில் இருந்தால் சந்தேகம் வர வேண்டும். அதில் இருந்திருக்க வேண்டியது உள்ளூர்த் தயாரிப்பு. பாடி ஆலையில் தயாரான, துரு ஏறிய டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் சீமைச் சரக்கை மாட்டினால் கார் அழகாகும். அதன் அசல் தன்மை குறையும்.

ஸ்பேனர் முதல் வாட்டர் பேப்பர் வரை

அனுபவப்பட்ட கை எதையெல்லாம் பார்க்கும்?

முதலில் போல்ட். பிரிட்டிஷ் வழிக் கார்களில் இஞ்ச் அளவு, ஃபியட் வழிக் கார்களில் மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது 12.7 எம்.எம். 13 எம்.எம். போல்ட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்பேனருக்குத் தெரியும். ஹெரால்டில் மில்லிமீட்டர் போல்ட் வரிசையாகக் கிடைத்தால் அந்தப் பகுதி ஒருமுறையாவது பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டின் தலையில் பெயின்ட் உடையாமல் இருந்தால் கடைசியாகப் பெயின்ட் அடித்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்தது மின்சாரம். லூகாஸ் பாகங்களின் உடம்பில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிப்பது வழக்கம். ‘10 62’ என்று இருந்தால் 1962 அக்டோபர். பாகத்தின் தேதி காரின் தேதிக்குச் சில வாரமோ மாதமோ முந்தியிருப்பதுதான் முறை. கார் பிறந்த பிறகு பிறந்த டைனமோ அந்தக் காரோடு வந்திருக்க முடியாது. வயரிங்கும் பேசும். லூகாஸ் முறையில் பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன், இக்னிஷனுக்கு வெள்ளை, ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு. எல்லா வயரும் ஒரே சிவப்பில், இன்சுலேஷன் டேப் சுற்றி ஓடினால் அது தெருமுனை எலெக்ட்ரீஷியனின் கைவண்ணம். 1960-களின் பிரிட்டிஷ் வழிக் கார்கள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். டைனமோவும் கட்-அவுட்டும் போய் ஆல்டர்னேட்டர் வந்திருந்தால் பேட்டரி இணைப்பையும் திருப்பியிருப்பார்கள்.

மூன்றாவது கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் சின்ன முத்திரை இருக்கும். பழைய ட்ரிப்லெக்ஸ் கண்ணாடிகளில் எழுத்துகளைச் சுற்றியுள்ள புள்ளிகளே தயாரித்த காலத்தைக் குறிக்கும். புள்ளிக் கணக்கு தெரியாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம். ஐந்து கண்ணாடிகளில் ஒரே முத்திரை இருந்து, இடது பின்கதவில் மட்டும் வேறு முத்திரை இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. உடனே அந்தக் கதவின் கீலையும் அதை ஒட்டிய வெல்டிங்கையும் பார்க்க வேண்டும். ஆலையின் ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் பொட்டுப் பொட்டாக இருக்கும். டிங்கர் பட்டறையின் கேஸ் வெல்டிங் புழுப்போல நெளிந்து ஓடும்.

நான்காவது பெயின்ட். வெளிப்பக்கம் எத்தனை முறை டுக்கோ அடித்திருந்தாலும், பெயின்டர் சோம்பல்படும் இடங்கள் எல்லாக் காரிலும் ஒன்றுதான். டாஷ்போர்டின் முதுகு, டிக்கி மேட்டின் அடி, கதவு அட்டையின் பின்பக்கம், ரப்பர் பீடிங் கவ்வும் விளிம்பு. அங்கே பழைய நிறம் ஒளிந்திருக்கும். கிடைக்காவிட்டால் கண்ணில் படாத மூலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வாட்டர் பேப்பரை நனைத்து மெல்லத் தேய்க்கலாம். மேலே நேற்றைய சிவப்பு, அதன் கீழே ஒரு கிரீம், அதற்கும் கீழே வெளிர் நீலம் என்று வட்டத்துக்குள் வட்டமாக நிறங்கள் விரியும். தகட்டை ஒட்டிய கடைசி நிறத்தோடுதான் கார் ஆலையை விட்டு வந்தது. அந்த வட்டத்தைத் தேய்த்த கையோடு ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

கடைசியாக மீட்டர். இந்தியா 1962-க்குள் மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. 1970-களின் காரில் மைல் கணக்கு ஸ்பீடோமீட்டர் இருந்தால், அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

---
பெட்டிச் செய்தி: அம்பாசிடர், ஃபியட் – சட்டென்று பார்க்க

■ அம்பாசிடர் 1957-ல் வந்தபோது பழைய சைடு-வால்வு என்ஜின், 1476 சி.சி. 1959-ல் ஓவர்ஹெட் வால்வு, 1489 சி.சி.

■ மார்க் 3: 1975. மார்க் 4: 1979. டீசல் அம்பாசிடர் அதற்குப் பிறகுதான். மார்க் 1, 2, 3-ல் டீசல் இருந்தால் என்ஜின் மாறியிருக்கிறது.

■ இசுஸு 1800 என்ஜின் 1990-களின் வரவு. பழைய முகத்தோடு இந்த என்ஜின் இருந்தால் முகமோ என்ஜினோ, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

■ முன் கிரில்லை மட்டும் நம்பி ‘மார்க்’ சொல்லக் கூடாது. கழற்றி மாட்டச் சுலபமான பாகம் அது.

■ ஃபியட்: 1950-களின் 1100-ல் முன்கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும். 1964-ல் வந்த ‘டிலைட்’ முதல் வழக்கமான கதவு. 1970-களில் ‘பிரசிடென்ட்’, பிறகு ‘பத்மினி’ என்று பெயர் மாறியது. என்ஜின் 1089 சி.சி.

---

நம்பருக்கும் மேக்கப் போடுவார்கள்

பழைய கார்ச் சந்தையில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பது மந்திரச் சொல். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ட்ரையம்ஃப் ஹெரால்டில் இரண்டும் வேறு வேறு எண்கள்தான். இந்தச் சேசிஸோடு இந்த என்ஜின்தான் ஆலையை விட்டுப் போனது என்று பதிவேடு சொல்ல வேண்டும், அதற்குப் பெயர்தான் மேட்சிங். இங்கிலாந்துக் கார்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவேடு பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட்டின் காப்பகத்தில் இருக்கிறது. பணம் கட்டினால் கார் எந்தத் தேதியில், எந்த நிறத்தில், எந்த என்ஜினோடு வெளியே வந்தது என்று சான்றிதழ் தருகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கலை இன்னும் முற்றியது. செவர்லே என்ஜின் பிளாக்கில் வார்ப்புத் தேதியே குறியாக இருக்கும். ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என்று மாத எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ‘சி 14 7’ என்றால் 1967-ல் மார்ச் 14. அதோடு பிளாக்கின் மேல்தளத்தில் ஒரு சமதள இடத்தில் எண் பொறித்திருக்கும். 1960-களின் காரில் அசல் பெரிய என்ஜின் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும் என்பதால், வேறு பிளாக்கை வாங்கி, பழைய எண்ணை இழைத்துத் தள்ளிவிட்டுப் புது எண் அடிக்கிற கும்பலும் உண்டு.

அவர்களைக் காட்டிக்கொடுப்பது எண் இல்லை, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கீறல். ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடுகளின் மேல் எண்கள் விழுந்திருப்பது தெரியும். கோடு இல்லாமல் மழமழவென்று இருந்தாலோ, கோடுகளின் போக்கு மாறியிருந்தாலோ எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

நம் ஊரில் என்ஜின் மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். பழைய ஆர்.சி. புக்கின் பின்பக்கங்களில் மங்கிய மையில் அந்தக் குறிப்பு கிடைப்பதுண்டு. விற்கிறவர் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும். ஆர்.சி. தொலைந்துவிட்டது, டூப்ளிகேட்தான் இருக்கிறது என்றால் விலை பேசும் முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

நீதிமன்றம் ஏறிய பென்ட்லி

எத்தனை பாகம் மாறினால் ஒரு கார் அதே கார் இல்லாமல் போகும்? 1990-ல் லண்டனில் இந்தக் கேள்விக்கு ஒரு நீதிபதி பதில் சொல்ல வேண்டி வந்தது.

கார், பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். செல்லப் பெயர் ‘ஓல்டு நம்பர் ஒன்’. 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இரண்டு முறையும் ஓட்டிய இருவரில் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. 1932-ல் இதே காரை மாற்றியமைத்து புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் இறக்கினார்கள். அங்கே நடந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பிறகு கார் மீண்டும் கட்டப்பட்டுப் பல கை மாறியது.

1990-ல் உரிமையாளர் ஹப்பர்ட் இதை ஒரு கோடி பவுண்டுக்கு மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். இது அந்தக் காரே இல்லை என்பது அவர்கள் வாதம்.

நீதிபதி ஓட்டன் பாகம் பாகமாகக் கணக்கெடுத்தார். 1929-ல் வென்ற காரில் எஞ்சியவை என்று உறுதியாகக் காட்ட ஏறக்குறைய எதுவும் இல்லை. 1930-ன் காரில் பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு மட்டும் மிச்சம். சேசிஸ் சட்டம், முன் ஆக்ஸில், 8 லிட்டர் என்ஜின் போன்றவை 1932 காலத்தவை. இதை ‘ஒரிஜினல்’ என்றும் சொல்ல முடியாது, ‘ஏறத்தாழ ஒரிஜினல்’ என்றும் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம் வந்தது. இந்தக் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அதே வண்டியின் மேல், அதன் தொடர்ச்சியாகவே நடந்தது. எனவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெயருக்கு அது உரியதே என்று முடித்தார்.

இந்தத் தீர்ப்பில் நம் ஊருக்குப் பாடம் இருக்கிறது. பென்ட்லியைக் காப்பாற்றியது மிச்சமிருந்த இரும்பு இல்லை, அந்த இரும்பு எப்போது எங்கே மாறியது என்ற தொடர் வரலாறு. அந்த வரலாறு இல்லாமல் போயிருந்தால், யாரோ பழைய பாகங்களைப் பொறுக்கிப் பூட்டிய வண்டியாகத்தான் அது நின்றிருக்கும்.

புதுப்பிக்கிறேன் என்று அழிப்பது

இங்கேதான் பெரிய நஷ்டம் நடக்கிறது. காரை வாங்கியவுடன் முதல் வேலையாக மொத்தமாகப் பிரிக்கிறார்கள். பெயின்டைத் தகடு வரை உரித்து, போல்ட்டையெல்லாம் புதிதாக மாற்றி, வயரிங்கை அறுத்துப் போட்டு, சீட்டுத் துணியைக் குப்பையில் எறிகிறார்கள். ஆறு மாதத்தில் கார் கண்ணாடிபோல மின்னுகிறது. லட்சங்கள் செலவு. அதோடு அந்தக் காரின் முதல் நிறம், பாகங்களின் தேதி, ஆலையின் வெல்டிங் என்று எல்லாச் சாட்சியும் போயிற்று. நாளைக்குப் பதிவுக்காக ஒரு பரிசோதனைக் குழு வந்து கேட்டால் காட்ட என்ன இருக்கும்?

உலகச் சந்தை இந்த உண்மையை மெல்லப் புரிந்துகொண்டுவிட்டது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சி 1950 முதல் நடக்கிறது. நகை போலப் புதுப்பித்த கார்களே அங்கே மகுடம் சூடி வந்தன. 2024-ல் முதல்முறையாகப் புதுப்பிக்காமல் பாதுகாத்த ஒரு கார் தலைசிறந்த காராகத் தேர்வானது. 1934-ன் புகாட்டி டைப் 59 ஸ்போர்ட்ஸ் அது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் ஒரு காலத்தில் இருந்த கார், தேய்ந்த பெயின்டோடேயே மேடையேறியது.

பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, டுரின் சாசனம் என்று ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. முதலில் பாதுகாக்க வேண்டும், முழுப் புதுப்பிப்பு கடைசி வழியாக இருக்க வேண்டும், மாற்றிய பாகங்களைப் பின்னால் வருகிறவர் அடையாளம் காணும்படி குறித்துவைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அதற்காகப் பிரேக் பிடிக்காத காரை அப்படியே ஓட்டச் சொல்லவில்லை யாரும். பிரேக், டயர், பெட்ரோல் குழாய், ஸ்டீயரிங் மூட்டுகள் தேய்ந்தால் மாற்றியே தீர வேண்டும். கடற்காற்று தின்ற ஹெரால்டு சேசிஸில் ஓரக் கைகள் பொத்தலானால் வெல்ட் வைத்தே ஆக வேண்டும். மாற்றுவது குற்றமே இல்லை. மாற்றியதை மறைப்பதும், கழற்றியதைத் தூக்கி எறிவதும்தான் பிழை.

டிங்கர், பெயின்டர், லேத்காரர் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது. பளபளப்பாக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பழைய பட்டியைப் பதமாக உரித்து, அடியில் இருப்பதைச் சேதமில்லாமல் வெளியே கொண்டுவரத் தெரிந்தவர்கள் குறைவு. ஹெரால்டின் பின் ஆக்ஸிலைக் கேட்ட சத்தத்திலேயே எடைபோடும் தலைமுறை ஓய்வு பெறுகிறது. அவர்கள் தலைக்குள் இருக்கும் கணக்கு எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை.

காயலான் கடைகளுக்கும் இதே கதைதான். அங்கே குவிந்து கிடக்கும் பழைய ஸ்டீயரிங் ஒன்று எந்த ஆண்டின் எந்தக் காரிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால், எடைக்குப் போகும் இரும்பு ஆவணமாகிவிடும்.

---
பெட்டிச் செய்தி: பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை

■ சேசிஸ், என்ஜின் எண்களுக்குப் பென்சில் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு வையுங்கள்.

■ ஒவ்வொரு பாகத்தையும் காரில் இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுங்கள். முத்திரை, வார்ப்பு எண், தேதி தெரியும்படி ஒரு கிட்டப் படம் அவசியம்.

■ பெயின்ட் உரிக்கும் முன் மறைவான இடத்தில் ஒரு சாண் பகுதியை அப்படியே விட்டுவையுங்கள்.

■ கழற்றிய பாகங்களைச் சீட்டு கட்டிப் பெட்டியில் போடுங்கள். உடைந்ததும் சான்றுதான்.

■ குடும்ப ஆல்பத்தைப் புரட்டுங்கள். கல்யாண ஊர்வலப் படத்தில் கிரில்லும் வீல் கப்பும் நம்பர் பிளேட்டும் பதிவாகியிருக்கலாம்.

■ பழைய ஆர்.சி., இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில் எதையும் கிழிக்காதீர்கள்.

---

யாருடைய பதிவேடு?

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவு. மிச்சத்தை அரசும் சங்கங்களும் செய்தாக வேண்டும். 50 வயது என்ற வரம்பு நின்ற இடத்தில் நிற்காது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு புதுக் கூட்டம் அதைத் தொடுகிறது. 1975-ல் வந்த மார்க் 3 அம்பாசிடர்கள் இப்போது வரிசையில் நுழைகின்றன. கெஸல்களும் பத்மினிகளும் கூடவே வருகின்றன. இவை ராஜா வீட்டு ரோல்ஸ் ராய்ஸ் இல்லை. டாக்டரும் வக்கீலும் டாக்ஸிக்காரரும் முப்பது வருடம் ஓட்டித் தேய்த்த கார்கள். இவற்றில் மாற்றம் இல்லாத வண்டியைத் தேடினால் விண்ணப்பமே வராது.

அதனால் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கையில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, இந்திய ஆலைகள் எந்த ஆண்டில் எந்தப் பாகத்தைப் போட்டன என்ற பட்டியல். ஸ்டாண்டர்டு ஆலை 1980-களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. பிரீமியர் பத்மினி 2000-த்தை ஒட்டி நின்றது. அம்பாசிடர் 2014-ல் நின்றது. அந்த ஆலைகளின் உதிரிபாகக் கையேடுகளும் டீலர் சுற்றறிக்கைகளும் ஓய்வு பெற்ற ஊழியர்களின் பரண்களிலும் பழைய ஸ்பேர்ஸ் கடைகளின் அலமாரிகளிலும்தான் மிஞ்சியிருக்கும். சென்னையின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப், கோவையின் ஜீடி கார் அருங்காட்சியகம் போன்ற அமைப்புகள் முன்கை எடுத்து அவற்றைத் திரட்டி ஸ்கேன் செய்தால், நான்கு கதவு ஹெரால்டைப் போலி என்று ஒதுக்கும் தவறு நடக்காது.

இரண்டாவது, மாற்றங்களை ஒப்புக்கொள்ளும் படிவம். எது அசல், எது அதே காலத்து மாற்று, எது புதுச் சரக்கு என்று உரிமையாளரே எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். 1978-ல் மாற்றிய கியர்பாக்ஸை 1978-ல் மாற்றியது என்றே எழுதியவருக்குப் பதிவு கிடைக்க வேண்டும். அதை மறைத்து எண்ணை இழைத்தவருக்குக் கிடைக்கக் கூடாது. இப்போதைய வரையறையில் இந்த இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். உண்மையைச் சொல்வதால் பதிவு போய்விடும் என்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். விதியைத் திருத்தும்போது முதலில் திருத்த வேண்டிய இடம் அதுதான்.